டர்போ வண்டிக்குக் கணினி தெரிதல்

மனிதன் குதிரையை விட்டு மோட்டார் வண்டியில் ஏறிய நாளிலிருந்து அவனை விட்டகலாத ஆசையொன்று உண்டு. இருக்கும் வண்டி இன்னுஞ் சற்று விரைந்து செல்லுதல் வேண்டும் என்பதே அவ்வாசை. அதற்கு ஆட்பட்டோர் இக்காலத்திற் பெரிதும் நாடுவது டர்போ என்னும் கருவியை. எஞ்சினிலிருந்து வெளியேறும் கழிவாயு ஒரு சிறு சில்லைச் சுழற்றுகின்றது. அச்சில்லோடு ஒரே தண்டிற் பொருந்திய மற்றொரு சில்லு வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுட் செலுத்துகின்றது. நிமிடத்துக்கு ஓரிலட்சம் முறைக்கு மேலும் இது சுழல்வதுண்டு. வீணே போகும் கழிவாயுவின் வலுவைப் பயன்படுத்தும் இவ்வுபாயத்துக்கு, சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி என்பார் 1905 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார்.

காற்றை மிகுதியாகச் செலுத்தினால் மட்டும் போதுமா? அக்காற்றுக்கு ஏற்ற அளவிற் பெற்றோல் வேண்டும். ஏற்ற கணத்தில் தீப்பொறி வேண்டும். இவ்விரண்டையும் அளந்து கட்டளையிடுவது எஞ்சின் கணினியாகும். சாதாரண வண்டியொன்றுக்கு அளவான டர்போ ஒன்றைப் பூட்ட விரும்புவோர் எத்தகைய கணினியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். “எஞ்சினுக்கு மிகுந்த வலுவைத் தரும் கணினி எது?” என்று வினவுவோர் பலர். அவ்வினா பிழையானது. வலுவைத் தருவது காற்றும் பெற்றோலும். கணினி தருவது காவல். ஆகவே, எஞ்சினை நன்கு காக்கும் கணினி எது என்று வினவுதலே முறை.

இவ்வுண்மையை விளக்கப் பழைய வரலாறு ஒன்று உதவும். 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்னும் டர்போ வண்டியை வெளியிட்டது. அக்காலத்தில் வண்டிகளிற் கணினி இல்லை. ஜெட்ஃபயரின் எஞ்சினோ 10.25 க்கு 1 என்னும் உயர்ந்த அமுக்க விகிதம் உடையது. அத்தகைய எஞ்சினுள் மேலும் காற்றை அமுக்கினால் அளவு கடந்த வெப்பம் உண்டாகும் என அதனை அமைத்த பொறியியலாளர் அறிவர். ஆதலின், காய்ச்சி வடித்த நீரும் மெதனோலும் கலந்த திரவமொன்றை எஞ்சினுட் செலுத்தி அதனைக் குளிர்வித்தனர். அத்திரவம் தீர்ந்துவிட்டால் டர்போவின் ஊதலை மட்டுப்படுத்தும் அடைப்பு ஒன்றையும் வைத்தனர். ஆயின், வண்டியை வாங்கியோரிற் பலர் திரவத்தை நிரப்ப மறந்தனர். வண்டி வலுவிழந்து விட்டதென்று குறைகூறினர். பின்னர்ப் பல வண்டிகளிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. 1963 ஆம் ஆண்டோடு அவ்வண்டியின் உற்பத்தியும் நின்றது. காற்றை அமுக்கும் கலை கைவந்தபோதும், அதனைக் கணந்தோறும் கண்காணிக்கும் மூளை இல்லாமையே அவ்வண்டியின் குறை.

கண்காணிக்க வேண்டிய ஆபத்து யாது? தொழிற்கூடங்களில் அதனை ‘நொக்கிங்’ என்பர். நாம் தட்டல் என்று கூறுவோம். உருளையினுள் தீப்பொறி தோன்றியதும் சுவாலை ஓரிடத்திலிருந்து மறுபுறம் ஒழுங்காகப் பரவுதல் இயல்பு. அமுக்கமும் வெப்பமும் மிகுந்துவிட்டால், சுவாலை சென்றடையு முன்னரே மூலையில் எஞ்சியுள்ள கலவை தானாகவே ஒருங்கு வெடித்துவிடும். அவ்வெடிப்பின் அதிர்வு உலோகத்திற் சம்மட்டியால் அடித்தாற் போல் ஒலிக்கும்.

உருளையினுட் சுவாலையின் வெப்பம் 2000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். அங்ஙனமாயின் அலுமினியக் கலப்புலோகத்தாலான முசலம் உருகாதிருப்பது எவ்வாறு? உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று அசையாது நின்று போர்வை போற் காக்கின்றது. முசலத்துக்குட் புகும் வெப்பத்தை எண்ணெயும் உருளைச் சுவரும் வாங்கிக் கொள்ளுகின்றன. தட்டல் நேரும்போது அதன் அதிர்வலை அந்தப் போர்வையைக் கிழித்துவிடுகின்றது. அது தொடர்ந்து நிகழ்ந்தால் முசலத்தின் விளிம்பு உடையும், அல்லது தலையில் துளை விழும். இதற்கு நீண்ட நேரம் வேண்டியதில்லை. ஏற்றம் ஒன்றில் முழு வேகத்துடன் ஏறி முடிப்பதற்குள் ஓர் எஞ்சின் பாழாகிவிடலாம்.

இதனைத் தடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, பெற்றோலைச் சற்று மிகுதியாகச் செலுத்துதல். ஒரு பங்கு பெற்றோலை முற்றாக எரிக்க ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போ முழு வலுவோடு ஊதுங்கால் இவ்விகிதத்தை 12 க்கு 1 அல்லது அதனினும் சற்றுச் செறிவாக வைப்பர். மிகையான பெற்றோல் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக் கொள்ளும். மற்றது, தீப்பொறியைச் சற்றுப் பிந்தி விடுதல். அதனால் உருளையின் உச்ச அமுக்கம் குறையும். ஆனால் மிகப் பிந்தினால் வலு குன்றும். கழிவாயு மிதமிஞ்சிச் சூடேறும். எனவே இரண்டும் அளவறிந்து செய்ய வேண்டியவை.

இவ்வளவை அறிவதற்கென்றே கணினி எழுந்தது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1967 ஆம் ஆண்டில், உள்ளெடுப்புக் குழாயின் அமுக்கத்தை அளந்து பெற்றோலைப் பீச்சும் இலத்திரனியல் முறையை வொக்ஸ்வாகன் வண்டிகளில் அமைத்தது. பெற்றோலையும் தீப்பொறியையும் ஒரே கணினி ஆளும் அந்நிறுவனத்தின் மோட்ரோனிக் முறை 1979 ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ 732ஐ வண்டியில் இடம்பெற்றது. சுவீடனின் சாப் நிறுவனமோ, தட்டலை எஞ்சினின் உடலிலிருந்தே கேட்டறிந்து டர்போவின் ஊதலைத் தானாகக் குறைக்கும் முறையை 1982 ஆம் ஆண்டளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெட்ஃபயருக்கு இல்லாத செவி இருபது ஆண்டுகளின் பின் சாப் வண்டிக்கு வாய்த்தது.

கணினியின் தொழிலை ஓர் அட்டவணையாகக் கற்பனை செய்க. குறுக்கே எஞ்சினின் சுழல்வேகம். நெடுக்கே அதன் சுமை. குறுக்கே 16, நெடுக்கே 16 எனின் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். ஓர் அட்டவணை பெற்றோலின் அளவைக் கூறும். மற்றோர் அட்டவணை தீப்பொறியின் நேரத்தைக் கூறும். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுழலுங்கால், கிராங்குத் தண்டு ஒரு பாகை திரும்புவதற்குச் செல்லும் நேரம் ஒரு செக்கனின் 36,000 இல் ஒரு பங்கேயாகும். அந்நேரத்துள் கணினி தன் கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றுதல் வேண்டும்.

இனி, உண்மையான வண்டியொன்றை எடுத்துக் கொள்வோம். 1989 ஆம் ஆண்டில் யப்பானின் மாஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ். 5 என்னும் இருவர் அமரும் சிறு வண்டி உலகெங்கும் பலராலும் டர்போ பூட்டப் பெற்றது. அதன் முதல் எஞ்சின் 1.6 லீற்றர் கொள்ளளவும், 9.4 க்கு 1 என்னும் அமுக்க விகிதமும், ஏறத்தாழ 115 குதிரைவலுவும் உடையது. வளிமண்டல அமுக்கத்தின் அரைப்பங்கை மேலதிகமாக ஊதும் டர்போவை அதிற் பூட்டினால், வலு 160 அல்லது 170 ஆகலாம். இதுவே அளவான மாற்றம் என்பது.

இம்மாற்றத்துக்கு அவ்வண்டியின் பழைய கணினி போதாமைக்குக் காரணங்கள் பல. முதலாவதாக, உட்செல்லும் காற்றை ஒரு சிறு கதவு தள்ளப்படும் அளவால் அது அறிகின்றது. கதவு முற்றாகத் திறந்த பின் எவ்வளவு காற்று வந்தாலும் கணினிக்குத் தெரியாது. இரண்டாவதாக, காற்றின் வெப்பத்தை அளக்கும் உணரி அக்கதவருகே, டர்போவுக்கு முன்னே நிற்கின்றது. டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றின் வெப்பத்தை அது எங்ஙனம் அறியும்? மூன்றாவதாக, தட்டலைக் கேட்கும் உணரி அவ்வெஞ்சினில் இல்லை. நான்காவதாக, கழிவாயுவிலுள்ள ஒட்சிசன் உணரி, கலவை 14.7 என்னும் எல்லைக்கு இப்பாலா அப்பாலா என்று மாத்திரம் கூறவல்லது. 12 க்கும் 13 க்கும் உள்ள வேறுபாட்டை அது அறியாது.

பெற்றோல் பீச்சுகுழல்களும் போதா. இதனை ஒரு சிறு கணக்கால் அறியலாம். டர்போ எஞ்சின் ஒன்று ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெற்றோலை வேண்டும். 170 குதிரைவலுவுக்கு மணிக்கு 46 கிலோகிராம். கனவளவில், நிமிடத்துக்குச் சற்றேறக்குறைய ஒரு லீற்றர். நான்கு பீச்சுகுழல்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 260 கன சென்ரிமீற்றர். பீச்சுகுழல் முழுநேரமும் திறந்திருத்தல் ஆகாது. நூற்றுக்கு 85 பங்கு நேரமே திறந்திருக்கலாம் எனின் 300 க்கு மேற்பட்ட குழல் வேண்டும். வண்டியிலுள்ளவையோ 200 க்குச் சற்று மேற்பட்டவை. பெரிய குழல்களைப் பூட்டினாற் பழைய கணினி அதனை அறியாது, பழைய கணக்கின்படியே திறந்து பெற்றோலை மிகையாக இறைக்கும்.

இந்நிலையில் உள்ள வழிகள் நான்கு. முதல் வழி கணினியைத் தொடாமலே விடுவது. டர்போவின் ஊதல் ஏறுந்தோறும் பெற்றோலின் அமுக்கத்தைப் பன்மடங்கு உயர்த்தும் கருவியொன்றைப் பூட்டுவர். முற்காலத்தில் இது பெருவழக்கு. மலிவானது, ஆயினும் பம்பிக்குப் பெருஞ்சுமை. தீப்பொறியைப் பிந்தச் செய்ய வேறொரு கருவியும் வேண்டும்.

இரண்டாம் வழி, பழைய கணினிக்கும் உணரிகளுக்கும் இடையில் ஓர் இடைக்கணினியை வைப்பது. இது பழைய கணினிக்குப் பொய்யுரைத்து வேலை வாங்கும். காற்று மிகுதி என்று பொய் கூறிப் பெற்றோலைக் கூட்டும். கிராங்கின் குறிப்பைத் தாமதித்துத் தீப்பொறியைப் பிற்படுத்தும். ஆனால் ஒரு பொய் மற்றொரு பொய்யை வேண்டும் என்பது வாழ்க்கையிற் போல இங்கும் உண்மை. காற்றின் அளவைப் பொய்யாக மாற்றியதும், பழைய கணினி அதனை மெய்யென நம்பித் தீப்பொறியின் நேரத்தையும் மாற்றிவிடும். ஒட்சிசன் உணரியின் சொற்கேட்டு, கூட்டிய பெற்றோலை மீண்டும் குறைக்கவும் முயலும்.

மூன்றாம் வழி, பழைய கணினியின் அட்டவணைகளையே திருத்தி எழுதுவது. தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வந்த பிற்கால வண்டிகளுக்கு இதுவே பெரும்பாலும் சிறந்தது. அவற்றில் வேண்டிய உணரிகள் முன்னரே உள்ளன. குளிர்ந்த காலையில் எஞ்சினைத் தொடக்குவது முதல் குறைவேகத்திற் சீராக ஓடுவது வரை தொழிற்சாலையின் பொறியியலாளர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த அறிவு அதில் அடங்கியுள்ளது. இருப்பதைத் திருத்தினாற் போதுமாயின் புதிதை வாங்குதல் வீண். ஆனால் நாம் எடுத்துக் கொண்ட 1989 ஆம் ஆண்டின் வண்டிக்கு இவ்வழி எளிதன்று. இல்லாத உணரியை எழுத்தால் உண்டாக்க முடியாது.

நான்காம் வழி, பழைய கணினியை அகற்றி, வேண்டியவாறு எழுதத்தக்க தனிக் கணினியைப் பூட்டுவது. அவுஸ்திரேலியாவின் மோடெக், ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க் என்பன இத்துறையிற் பெயர்பெற்றவை. 2001 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்னும் இருவர் மெகாஸ்குவேட் என்னும் கணினியை வடிவமைத்தனர். வாங்குவோர் தம் கையாலேயே பாகங்களை ஈயம் பற்றவைத்து ஒன்றாக்கத்தக்கதாக அது வெளிவந்தது. அதனாற் குறைந்த பணமுடையோரும் இத்துறையிற் புகுந்தனர்.

இவற்றுள் ஒன்றைத் தெரியுங்கால் நோக்க வேண்டியவை யாவை?

முதலில், கணினிக்கு எஞ்சினின் சுழற்சிக் குறிப்பு தெளிவாக விளங்க வேண்டும். ஒவ்வொரு எஞ்சினும் தன் சுழற்சியை வெவ்வேறு பற்சில்லுகளாலும் துளைத்தட்டுகளாலும் அறிவிக்கின்றது. நும் எஞ்சினின் குறிப்பை இக்கணினி முன்னர்ப் பலமுறை வாசித்துள்ளதா என்று கேட்டறிக. இக்குறிப்பை ஒருமுறை தவறாகக் கொண்டால் தீப்பொறி தகாத வேளையில் விழும். மற்றெல்லாச் சிறப்பும் அதன்முன் பயனற்றவை.

இரண்டாவது, உணரிகளுக்குப் போதிய இடம். உள்ளெடுப்புக் குழாயின் அமுக்கம், குளிர்விக்கும் கருவியைக் கடந்து வரும் காற்றின் வெப்பம், எஞ்சின் நீரின் வெப்பம், மிதியின் நிலை, கலவையின் விகிதத்தை எண்ணாகக் கூறும் விரிவீச்சு ஒட்சிசன் உணரி ஆகிய ஐந்தும் இன்றியமையாதவை. எண்ணெயின் அமுக்கத்தையும் பெற்றோலின் அமுக்கத்தையும் அறிய இரண்டு இடங்கள் மேலதிகமாக இருத்தல் நன்று.

மூன்றாவது, காக்கும் திறன். ஊதல் எல்லை கடந்தால் எஞ்சினை அடக்குமா? ஊதலின்போது கலவை மெலிந்தால் உடனே நிறுத்துமா? உட்செல்லும் காற்று சூடேறினால் தீப்பொறியைத் தானாகப் பிற்படுத்துமா? எண்ணெய் அமுக்கம் வீழ்ந்தால் அறியுமா? பெற்றோல் பம்பி நலிவதும், டர்போக் குழாயொன்று கழல்வதும் எப்போதேனும் நிகழ்வனவே. அவ்வேளையில் எஞ்சினைக் காக்கும் கணினிக்கும் காவாத கணினிக்கும் உள்ள விலை வேற்றுமை, ஓர் எஞ்சினின் விலையிலும் மிகச் சிறிது.

நான்காவது, நிகழ்வதைப் பதிந்து வைக்கும் ஆற்றல். ஒரு செக்கனிற் பலமுறை எல்லா உணரிகளின் எண்களையும் எழுதி வைப்பின், நேற்று மாலை ஏற்றத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை இன்று காலை ஆராயலாம்.

இனி, வேண்டாதவையும் உள. அரை வளிமண்டல ஊதலுக்கு, டர்போவின் சிறு கழிவாயுக் கதவைப் பிடித்திருக்கும் வில்லே போதும். அதனை ஆளப் பல்வகை இலத்திரனியல் வசதிகள் தேவையில்லை. ஓட்டப் பந்தயத்துக்குரிய புறப்பாட்டுக் கட்டுப்பாடும், பன்னிரண்டு உருளைகளை ஆளும் வலுவும் நான்கு உருளை வண்டிக்கு எற்றுக்கு? அவற்றுக்குச் செலுத்தும் பணம் வேறிடத்திற் பயன்படும்.

அவ்வேறிடம் யாதெனின், கணினியில் எண்களை எழுதுபவரின் கூலியாகும். இதுவே எல்லாவற்றினும் தலையானது. இளைஞர் ஒருவர் தம் சேமிப்பு முழுவதையும் மிக உயர்ந்த கணினிக்குச் செலவிட்டார் எனக் கொள்வோம். எழுதுபவருக்குப் பணமில்லை. வேறொருவரின் வண்டிக்கு எழுதிய அட்டவணையைப் பெற்றுத் தம் வண்டியில் இட்டார். அவ்வண்டியின் பீச்சுகுழல் வேறு, டர்போ வேறு, பெற்றோலும் வேறு. மற்றவர் எண்களோ இவர் முசலத்தை அறியா. இவரினும், எளிய கணினியை வாங்கி, அதனை நன்கறிந்த வல்லுநரிடம் வண்டியை ஒப்படைத்தவர் அறிவாளர். ஆகையால், கணினியைத் தெரியு முன்னர் அதனை எழுதுபவரைத் தெரிக. நீவிர் வாழும் ஊரில் நம்பிக்கைக்குரிய வல்லுநர் எக்கணினியை நாள்தோறும் கையாள்கின்றாரோ, அதுவே பெரும்பாலும் நுமக்குரிய கணினி.

நல்ல வல்லுநர் செய்யும் முறையையும் அறிந்து கொள்ளுதல் நலம். வண்டியின் சில்லுகளைச் சுழலும் உருளைகளின் மீது நிறுத்தி வலுவை அளப்பார். தொடக்கத்திற் பெற்றோலைச் செறிவாகவும் தீப்பொறியைப் பிந்தியும் வைப்பார். குறைந்த ஊதலில் ஒவ்வொரு கட்டமாக முன்னேறுவார். எஞ்சினின் உடலில் ஒலியுணரியைப் பூட்டிக் காதணி கருவியால் தட்டலைக் கேட்டுக் கொண்டேயிருப்பார். ஒரு பாகை முற்படுத்தியும் வலு ஏறவில்லையாயின் அவ்விடத்தில் நின்று பின்வாங்குவார். இறுதி வலுவையும் எட்டிப் பிடிக்க முயல்பவரை விட, ஐந்து குதிரைவலுவை விட்டுக் கொடுத்து எஞ்சினை மீட்பவரே சிறந்தவர்.

பெற்றோலும் கருதத்தக்கது. நம் நாட்டில் 92 ஒக்ரேன், 95 ஒக்ரேன் ஆகிய பெற்றோல் வகைகள் விற்கப்படுகின்றன. ஒக்ரேன் எண் உயர உயரப் பெற்றோல் தட்டலைத் தாங்கும் ஆற்றல் உயரும். 95 க்கு எழுதிய அட்டவணையோடு 92 ஐ நிரப்பி முழு வேகத்தில் ஏற்றமேறுதல், ஜெட்ஃபயர் உரிமையாளர் திரவம் நிரப்ப மறந்ததினும் கேடானது. அவர்களின் வண்டியில் ஓர் அடைப்பாவது தடுத்து நின்றது. எப்பெற்றோல் எப்போதுங் கிடைக்குமோ அதற்கே எழுதுவித்தல் முறை. நண்பகல் வெப்பத்தில் நெரிசலில் நின்று, பின் திடீரென விரையும் நிலையையும் வல்லுநருக்குக் கூறுதல் வேண்டும். குளிர்ந்த கூடத்தில் எழுதிய எண் வெப்பமான தெருவிற் பொய்த்துவிடக் கூடாது.

நேயர்களே, வண்டியின் வேகத்தை நண்பர்க்குக் காட்டுவது ஒரு கணத்து மகிழ்ச்சி. அவ்வண்டி ஆண்டுகள் பல கடந்தும் காலையில் ஒரே தொடக்கத்தில் உயிர்பெற்று, மனைவி மக்களை ஏற்றிச் சென்று மாலையில் வீடு சேர்ப்பதே நிலைத்த மகிழ்ச்சி. கடையில் கணினியைக் கையிலெடுக்கும்போது, “இது எத்தனை குதிரைவலு தரும்?” என்று கேளாதீர்கள். “என் பம்பி நலியும் நாளில் இது என்ன செய்யும்? இதனை எழுதத் தெரிந்தவர் யார்?” என்ற இரண்டையுமே கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான விடை கிடைத்தால் அதனை வாங்கலாம்.